நல்லமிளகும் மிளகாயும்

சில ஆண்டுகளுக்கு முன் தென்காசியில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில் சங்க கால வணிகம் குறித்துப் பேச நம்மை அழைத்திருந்தார்கள். அகநானூற்றின் 149ஆம் பாட்டை எடுத்துக்கொண்டு, யவனரின் மரக்கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு திரும்பிய முசிறித் துறையை விவரித்துக்கொண்டே போன நாம், பேச்சின் வேகத்தில் 'மிளகும் மிளகாயும் மணந்த சங்கத் தமிழர் அடுக்களை' என்றொரு தொடரை உதிர்த்துவிட்டோம். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் அருகில் வந்து, குரலை உயர்த்தாமல், "மிளகா எந்தப் பாட்டுல வருது, சார்?" என்று கேட்டார். "பாத்துச் சொல்லுதேன், ஐயா" என்று சொல்லி நழுவினோம். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், வீட்டுக்குப் போகும் வழியிலேயே நமக்கும் தெரிந்துவிட்டது. எட்டுத்தொகையிலோ பத்துப்பாட்டிலோ மிளகாய் கிடையாது. இருக்கவும் முடியாது.

தமிழ் படித்து, தமிழ் பயிற்றுவிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இது சிறிய வெட்கமன்று. வகுப்பறையில் நாற்பது பேர் முன்னால் நின்று பழமையைப் பற்றிப் பேசுகிறவர், அன்றாடம் தம் தட்டில் விழும் பொருளின் வயதை அறியாதிருந்தோம். அந்த ஆண்டு ஆனி மாதத்தில் வீட்டுக் கொல்லையில் மிளகாய் விதைத்தது ஒருவகையில் அதற்கான கழுவாய்தான்.

மிளகாய் அமெரிக்கக் கண்டங்களின் செடி. தென்மேற்கு எக்வடோரில் அகழ்ந்தெடுத்த பழங்காலக் கலங்களிலும் அரைகற்களிலும் ஒட்டியிருந்த மிளகாய் மாவுத்துகள்கள் ஏறத்தாழ 6,100 ஆண்டுப் பழமையுடையவை என 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மெக்சிகோவிலும் அதற்கு நெடிய வரலாறு உண்டு. 1492இல் கொலம்பஸ் தேடிப் போனது நம்முடைய மிளகை. போய்ச் சேர்ந்த தீவுகளில் மிளகு இல்லை. உறைப்பான வேறொரு காய் இருந்தது. அதற்கும் மிளகின் பெயரையே சூட்டினார்கள். நிலத்துக்கு இந்தியா என்றும் மக்களுக்கு இந்தியர் என்றும் பெயரிட்ட அதே பிழைதான் காய்க்கும் நேர்ந்தது. ஆங்கிலேயர் இன்றுவரை இரண்டையும் 'பெப்பர்' என்றே அழைக்கிறார்கள்.

அங்கிருந்து அதை நம் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1500இல் கப்ரால் பிரேசிலைத் தொட்டுவிட்டு இந்தியாவுக்கு வந்தார். 1510இல் கோவா அவர்கள் கைக்குப் போயிற்று. இந்தக் கப்பல் தடத்தில்தான் மிளகாய் விதை இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும். 1564இல் மறைந்த புரந்தரதாசர் மிளகாயைப் பாடினார் என்று கன்னட மரபு சொல்கிறது. ஆனால் அக்பரின் அரண்மனைச் சமையற் குறிப்புகளைத் தரும் அயினி அக்பரியில், 1590களில்கூட, உறைப்புக்கு மிளகுதான். ஆக, தெற்கே கடற்கரையோரம் முதலில் வேரூன்றி, வடக்கே மெதுவாகப் பரவிய செடி இது.

தென்காசிக்காரர்கள் இதை இப்படி நினைத்துப் பார்க்கலாம். பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கியபோது இந்தியா முழுவதிலும் ஒரு மிளகாய்ச் செடிகூட இல்லை. கல் சுமந்தவர்கள் தூக்குச்சட்டியில் எதைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தார்கள் என்பது நம்மால் எளிதில் கற்பனை செய்யக்கூடியதன்று. மின்னலுக்கும் நெருப்புக்கும் இரையாகி நெடுங்காலம் மொட்டையாய் நின்ற இராசகோபுரத்தை மீண்டும் எழுப்பி 1990இல் குடமுழுக்குச் செய்தார்களே, அந்த வேலையாட்களின் சோற்றில் மிளகாய் இல்லாமல் இருந்திருக்காது. ஒரே கோபுரத்தின் இரண்டு கட்டுமானங்களுக்கு நடுவில் ஓர் இனத்தின் நாக்கே மாறிவிட்டிருக்கிறது.

மொழிதான் இந்த மாற்றத்தை மறைக்காமல் வைத்திருக்கிறது. மிளகு போலக் காரமான காய், ஆகவே மிளகாய். கன்னடமும் தெலுங்கும் தத்தம் மிளகுச் சொல்லோடு காயைச் சேர்த்து இதையே செய்தன. மலையாளத்திலோ வந்தவன் வீட்டுக்காரனையே வெளியேற்றிவிட்டான். அங்கே வெறும் 'முளகு' என்றால் மிளகாய். பழைய மிளகு தன்னைக் 'குருமுளகு' என்றும் 'நல்லமுளகு' என்றும் அடைமொழியிட்டு அடையாளம் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையிலும், அதை ஒட்டிய நம் ஊர்ப்பக்கத்திலும் பழைய ஆட்கள் இன்றும் 'நல்லமிளகு' என்றே சொல்கிறார்கள். சிறுவயதில் பலசரக்குக் கடைக்குப் போய் 'நூறு நல்லமிளகு' என்று கேட்டு வாங்கியபோது, கெட்ட மிளகு எது என்று நாம் ஒருபோதும் யோசித்ததில்லை. 'நல்ல' என்ற அந்த அடைமொழிக்குள் நானூறு ஆண்டு வழக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' மிளகாயைக் 'காப்போ மொளகோ' என்று பதிவு செய்கிறது. இதைக் கப்பல் மிளகு என்று கொள்ள இடமுண்டு. மலையாளத்தில் பறங்கி முளகு என்ற பெயரும் வழங்குகிறது. ஈழத்தமிழரிடம் கொச்சிக்காய் என்ற சொல் இருக்கிறது. கொச்சியிலிருந்து வந்த காய் என்று பொருள். எந்தத் துறையில் இறங்கியதோ, யார் கையால் வந்ததோ, அதையெல்லாம் அந்தந்த ஊர் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டது. தமிழகத்து 'மிளகாய்' மட்டும் பிறந்த இடத்தைச் சொல்லாத பெயர். மேடையில் நாம் வழுக்கியதற்கு அந்தப் பெயரையும் கொஞ்சம் பழி சொல்லலாம்.

இனி கொல்லைக்கு வருவோம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த நீள வத்தலில் பழுதில்லாத நாலைந்தை உடைத்து, ஆனிக் கடைசியில் விதையைத் தூவினோம். ஊர் அறிந்த மடமை இது. ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று பாய்ந்து வந்து, குற்றாலத்தில் சீசன் களைகட்டி, தென்காசித் தெருக்களில் பகலெல்லாம் சாரல் பூத்தூவலாய் விழும் காலத்தில் மிளகாய் நாற்றுப் போடுவார் யாருமில்லை. பத்தாம் நாள் முளைத்தவை பதினைந்தாம் நாள் தண்டின் அடி நைந்து வரிசையாகச் சாய்ந்தன. நாற்றழுகல். மூன்று சட்டியில் ஒன்றுகூடத் தேறவில்லை. அருவிக்கு வந்தவர்கள் ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டு நம் தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சாரல்தான் இன்னொரு வரலாற்றையும் நினைவூட்டியது. 1796இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து மொலுக்கஸ் தீவுகளைக் கைப்பற்றியபின், சாதிக்காய், கிராம்புக் கன்றுகளை அங்கிருந்து பெயர்த்துத் தம் ஆளுகையிலிருந்த பல இடங்களுக்கும் அனுப்பினர். அவற்றுள் ஒன்று குற்றாலம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கஸாமேஜர் என்னும் கம்பெனி அதிகாரியின் முயற்சியால் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டங்கள் உருவாயின. கால்டுவெல் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் (1881) குற்றாலத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இன்று சீசனில் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கின்றனவே, அவையும் அப்படிக் கடல்கடந்து வந்து இந்த ஈரத்தில் நிலைத்தவைதாம். ஆயினும் சாதிக்காயும் கிராம்பும் நம் அன்றாடச் சோற்றுக்குள் நுழையவில்லை. பிரியாணிக்கும் மருந்துக்கும் வெற்றிலைக்கும் வேண்டிய சரக்காகவே நின்றுவிட்டன. கம்பெனி வேலியிட்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்து வளர்த்த செடிகள் அவை. மிளகாயை அப்படி யாரும் வளர்க்கவில்லை.

ஏன் மிளகாய் வென்றது? 'சுவைதான்' என்பார்கள். நமக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. மிளகு கொடி, பற்றிப் படர மரம் வேண்டும், மலையின் ஈரமும் நிழலும் வேண்டும், நட்டு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குமேல் அது என்றைக்குமே விலைச்சரக்கு. ரோமில் ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியசுக்கும் திப்பிலி 15 தெனாரியசுக்கும் விற்றதாகப் பிளினி எழுதினார். செங்கடல் கரையின் பெரெனிகே துறைமுகத்துக் கோயிலில் இந்தியச் சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு புதைந்து கிடந்தது. இதையெல்லாம் வகுப்பில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் மிளகை ஏற்றுமதி செய்த நிலத்தில், அதைக் காயவைத்த கூலிக்காரியின் வீட்டுக் குழம்பில் எத்தனை மிளகு விழுந்தது என்று எந்தப் பாட்டையும் வைத்து நாம் கேட்டதில்லை. பின்னாளில், 1741இல் குளச்சலில் டச்சுப்படையை வென்ற மார்த்தாண்ட வர்மா மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். 19ஆம் நூற்றாண்டு வரை அது நீடித்தது. மிளகு விளைந்த நாட்டிலேயே மிளகு சர்க்கார் சொத்து.

மிளகாய்க்கு இவை எதுவும் வேண்டாம். அடுக்களைக் கழிவுநீர் பாயும் மூலையில் ஒரு செடி. விதைத்த மூன்றாம் மாதத்தில் காய். ஒரு பழத்தில் ஐம்பது அறுபது விதை. வரி விதிக்க வருபவன் எந்தக் கொல்லையில் எத்தனை செடி என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. நாக்கிலும் உடம்பிலும் சூட்டை உணரும் ஏற்பி ஒன்றைத்தான் மிளகாயின் காப்சைசின் தூண்டுகிறது என்று 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இதற்குப் பங்குண்டு. மிளகில் உள்ள பைப்பரினும் தூண்டுவது அதே ஏற்பியைத்தான். பழகிய எரிச்சல், பத்தில் ஒரு பங்குச் செலவில் கொல்லையிலேயே கிடைத்தது. கஞ்சிக்கு உப்பும் மிளகாயும் போதும் என்றான குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, மிளகுப் பெருமை பேசும் நம்மைப் போன்றவர்கள் உணர்ந்து எழுதியதில்லை.

ஆவணியில் சாரல் ஓய்ந்தபின் மறுபடி விதைத்தோம். இம்முறை திண்ணை ஓரம், மணலும் சாம்பலும் கலந்து, தென்னங்கீற்று மறைப்பில். நாற்பதாம் நாள், புரட்டாசி நடுவில், பன்னிரண்டு நாற்றுகளைப் பிடுங்கி நட்டோம். ஐப்பசியில் வெள்ளைப் பூ. உடனே அடைமழை. பூக்களில் பாதி உதிர்ந்து சேற்றில் மிதந்ததைப் பார்த்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிய காலைகள் பல. கார்த்திகையில் முதல் பச்சைமிளகாய் ஒன்பது. அவற்றை எண்ணியதை ஒப்புக்கொள்வதில் கூச்சமில்லை. மார்கழிப் பனியில் பழுக்கத் தொடங்கி, தையில் செடிகள் செவ்வென்று நின்றன. மாசியில் வெயில் ஏறியதும் முரணை வந்தது. இலைகள் ஓடம்போல் மேல்நோக்கிச் சுருண்டன. வேப்பங்கொட்டைக் கரைசலும் புளித்த மோரும் தெளித்ததில் ஏழு செடிகள் பிழைத்தன. மொத்த விளைச்சல் காய்ந்த வத்தலாக ஒரு கிலோவைத் தொடவில்லை. செலவழித்த பணத்துக்குச் சந்தையில் மூன்று மடங்கு கிடைத்திருக்கும்.

இதற்கிடையில் நாம் நடாத செடி ஒன்று கிணற்றடிச் சுவர் ஓரம் செழித்து நின்றது. காந்தாரி மிளகாய். வானம் பார்த்து நிற்கும் சிறு காய்கள். ஒன்றைக் கடித்தால் காது அடைக்கும். கொண்டைக்குருவி போட்ட எச்சத்தில் முளைத்ததாக இருக்கும். பறவைகளின் ஏற்பி காப்சைசினை உணர்வதில்லை. பாலூட்டிகள் கடித்துச் சிதைக்கும் விதையைப் பறவைகள் முழுதாக விழுங்கி வெகுதூரம் கொண்டுபோகின்றன. மிளகாயின் உறைப்பே விதையை நம்மைப் போன்றவர்களிடமிருந்து காத்துப் பறவைகளிடம் சேர்ப்பதற்கான ஏற்பாடு என்று அறிவியலாளர் கருதுகின்றனர். மனிதன் மட்டும் எச்சரிக்கையை விருந்தாக எடுத்துக்கொண்டான்.

நம் வீட்டில் ஒரு காலத்தில் வேறொரு மிளகாய் இருந்தது. அம்மா ஆண்டுதோறும் முதற்பறிப்புப் பழங்களில் நல்லதாகப் பார்த்து நிறுத்தி, விதையைச் சாம்பலில் புரட்டி, சிறு மண்கலயத்தில் இட்டுத் துணி கட்டி வைப்பார். குட்டையும் குண்டும் அல்லாத ஒரு நடுத்தர வடிவம். வறுத்தால் கமறாது, நிறம் ஆழமாக இறங்கும். அதற்கு அவர் சொன்ன பெயர் 'நம்ம வத்தல்' என்பது மட்டுமே. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் பிற்காலத்தில் கே1, கே2 என்ற இரகங்களை வெளியிட்டது. கே2வின் பெற்றோரில் ஒன்று சாத்தூர்ச் சம்பா. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயரும் ஊரும் உடையவை இப்படிப் பதிவேட்டில் ஏறிவிட்டன. 'நம்ம வத்தல்' போன்றவற்றுக்கு மண்கலயத்தைத் தவிர வேறு பதிவேடு கிடையாது. அம்மா படுக்கையில் விழுந்த ஆண்டு யாரும் விதை எடுக்கவில்லை. மறு ஆண்டு எடுத்த விதை முளைக்கவில்லை. நாம் அப்போது புறநானூற்றுப் பாடவேறுபாடுகள் குறித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம்.

ஏடுகளைத் தேடி அலைந்த உ.வே.சா.வை ஆண்டுதோறும் வகுப்பில் கண்ணீர் மல்கச் சொல்பவர்கள் நாம். கொல்லையில் அழிந்ததைப் பார்க்கவில்லை.

பழைய நாக்கை அறிய வேண்டுமானால் இலக்கியத்தைவிடக் கோயில் மடைப்பள்ளிதான் நல்ல சான்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அமுதுபடிக்கு உரிய பொருள்களாக மிளகும் கடுகும் சீரகமும் வருகின்றன. மரபு வழுவாத மடைப்பள்ளிகளில் பொங்கலுக்கும் புளியோதரைக்கும் இன்றும் மிளகுதான். குற்றாலநாதருக்கு அருவிச் சாரலின் குளிர்ச்சி தாக்காதிருக்கச் சுக்கு முதலியன இட்ட கஷாயம் நிவேதனமாகிறது. வீடுகளில் இந்த நினைவு தங்கியிருக்கும் ஒரே இடம் திவசச் சமையல். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு எதுவும் அன்று அடுப்படிக்கு வராது. ஏன் என்று கேட்டால் 'ஆகாது' என்பார்கள். பறங்கியர் வருகைக்கு முந்தைய தமிழ்ச் சமையலை, காரணம் அறியாமலே, ஆண்டுக்கு ஒரு நாள் நம் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். முன்னோர் அறிந்த உணவு முன்னோர்க்கு. இதில் உள்ள தருக்கம் அழகானதுதான். ஆனால் எந்த முன்னோர்? நம் அம்மாவுக்கும், அவருடைய அம்மாவுக்கும், நமக்குப் பெயர் தெரிந்த எந்த மூதாதைக்கும் மிளகாய் இல்லாத ஒரு நாள்கூட வாழ்க்கையில் இருந்ததில்லை.

அந்த முதியவரை மறுபடி ஒரு முறை கூலக்கடை பக்கம் பார்த்தோம். "எந்தப் பாட்டுலயும் இல்லை, ஐயா" என்றோம். "அதனால என்ன, சார், நேத்து வச்ச குழம்பு நல்லாத்தானே இருந்துச்சு" என்று சிரித்தார். நாம் கொடுத்த ஒரு பொட்டலம் விதையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பங்குனியில் அம்மாவின் திதி வந்தது. பிழைத்த ஏழு செடிகளின் கடைசிக் காய்களைக் கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, நாலு வெயில் காட்டி எடுத்த மோர்மிளகாய் வீட்டில் இருந்தது. அம்மாவுக்குத் தயிர்ச்சோற்றோடு அது இல்லாவிட்டால் சாப்பாடே இறங்காது. இலையில் ஒன்று வைக்கலாமா என்று சித்தியிடம் கேட்டோம். சித்தி மிளகுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார், கரண்டியை நிறுத்தவில்லை.

"இலைல வைக்கக் கூடாதுப்பா. ஆகாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பொரிச்சு எடுத்துட்டு வா. காக்காக்கு வைக்கையில சோத்தோட சேத்து வச்சிருவோம்" என்றார்.